குமட்டலுக்கு உப்புப் பொடி: எப்போது, யாருக்கு, எப்படிக் கலக்குவது

கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் மெடிக்கல் காலை ஏழரைக்குத் திறக்கும். திங்கட்கிழமை என்றால் ஷட்டரைத் தூக்கும்போதே நாலு பேர் நிற்பார்கள். "அக்கா, ஒரு ஈனோ." போன மாதம் அப்படி வாங்கின ஒரு தம்பி, பொட்டலத்தைக் கிழித்து அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு, மேலே தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார். அடுத்த நொடி மூக்கு வழியாக நுரை. இருமல், புரையேறல், கடைசியில் வாசல்படியிலேயே வாந்தி. எது வரக்கூடாது என்று பத்து ரூபாய் செலவழித்தாரோ அதுவே வந்துவிட்டது.

ஈனோ மாதிரி நுரைக்கிற உப்புப் பொடி பெட்டிக்கடையில்கூடச் சரம் சரமாகத் தொங்குகிற பொருள் என்பதால் அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. ஆனால் இதற்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு மறுநாள் வந்து நிற்பவர்களைப் பதினான்கு வருடமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தண்ணீரில் கலக்குகிற வேலை ஐந்தாவது படியில்தான் வரும். முதல் நான்கைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. இது எந்தக் குமட்டல் என்று முதலில் பாருங்கள்

காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான அல்கலி) உள்ள இந்தப் பொடி செய்கிற வேலை ஒன்றே ஒன்று: வயிற்றில் இருக்கும் அமிலத்தைத் தணிப்பது. குமட்டல் அமிலத்தால் வந்திருந்தால் கேட்கும். வேறு காரணத்தால் வந்திருந்தால் கேட்காது.

அமிலக் குமட்டலுக்கு அடையாளங்கள் இருக்கின்றன. நெஞ்சுக்குழியில் எரிச்சல். புளித்த ஏப்பம். தொண்டை வரை புளிப்பாகவோ கசப்பாகவோ எதுக்களித்து வருவது. படுத்தால் கூடும், நிமிர்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசித்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா சால்னா, வெறும் வயிற்றில் மூன்று டீ, கருவாட்டுக் குழம்போடு இரண்டாம் தரம் சோறு, பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில் ஒரே உட்காரலில் இருபது சுளை.

இந்த அடையாளம் எதுவும் இல்லாமல் வெறும் குமட்டல் மட்டும் இருக்கிறதா? அப்போது வேறு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸிலோ படகிலோ வந்ததா? அது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் மூளைக்கு வெவ்வேறு சேதி சொல்வதால் வருவது. வயிற்று அமிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏற்காடு டூர் போகிறவர்கள் டஜன் கணக்கில் உப்புப் பொடி வாங்கிப் போகிறார்கள். வீண் செலவு. பயணக் குமட்டலுக்குத் தனி மாத்திரை இருக்கிறது. அதையும் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். வளைவில் பிரட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் ஜன்னல் வழியாகப் போய்விடும்.

மாதவிலக்கு தள்ளிப் போயிருக்கிறதா? முதலில் வாங்க வேண்டியது கர்ப்பப் பரிசோதனை அட்டை. இதைக் கவுண்டரில் நின்று கேட்பது எனக்கே கூச்சமாக இருந்த காலம் உண்டு. இப்போது தணிந்த குரலில் கேட்டுவிடுகிறேன்.

புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்திருக்கிறீர்களா? சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாமே குமட்டலைக் கொண்டுவரும். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போட்டாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, வருகிற குமட்டலுக்குத் தினமும் ஒரு பொட்டலம் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியப்பா எங்கள் தெருவிலேயே இருந்தார்.

வெயிலில் நின்றீர்களா, பெயின்ட் அல்லது கெமிக்கல் நெடி ஏறியதா, ஒற்றைத் தலைவலியா, காய்ச்சலா? இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி. நெடி ஏறியிருந்தால் முதல் வேலை அந்த இடத்தை விட்டு வெளிக்காற்றுக்கு வருவது.

2. இவை இருந்தால் பொட்டலத்தைத் தொடாதீர்கள்

இது என் சொந்தத் தப்பிலிருந்து கற்றது. கடலூர் வருவதற்கு முன் புதுச்சேரியில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். மார்கழிக் காலை. ஐம்பது வயது இருக்கும், ஒருவர் வந்து, "வாயு மேல ஏறி நிக்குதும்மா, கொமட்டிக்கிட்டே இருக்கு, ரெண்டு ஈனோ குடு" என்றார். நான் பில் போட்டுக்கொண்டே நிமிராமல் இரண்டைக் கிழித்து நீட்டினேன். பக்கத்தில் நின்ற முதலாளி அண்ணன்தான் அவர் சட்டையைப் பார்த்தார். பனி விழுகிற காலையில் முதுகெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. "இந்தாங்கண்ணே, இந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்று உட்கார வைத்து, 108-க்குப் போன் போட்டார். மாரடைப்பு. பிழைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் யாருடைய முகத்தையும் பார்க்காமல் இந்தப் பொட்டலத்தைக் கொடுத்ததில்லை.

மாரடைப்பு எல்லோருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் குமட்டல், மேல்வயிற்றில் அழுத்தம், வேர்வை, மூச்சு வாங்கல், காரணமில்லாத அசதி என்று மட்டும் வரலாம். தாடை, இடது கை, முதுகு ஆகிய இடங்களில் வலி பரவினால் சந்தேகமே வேண்டாம். பொடியைக் குடித்து ஏப்பம் வருகிறதா என்று அரை மணி நேரம் காத்திருந்தால், அந்த அரை மணி நேரம்தான் போய்விடும்.

அதே போல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேறு சில:

வாந்தியில் ரத்தம், அல்லது காப்பித் தூள் கலந்தது போன்ற கறுப்பு. மலம் தார் மாதிரி கறுத்துப் போவது.

தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி. இது குடல்வாலாக இருக்கலாம்.

வயிறு கல் மாதிரி இறுகி, காற்றும் மலமும் பிரியாமல் நிற்பது.

தலையில் அடிபட்ட பிறகு வருகிற வாந்தி. கழுத்து விறைப்போடு கடும் தலைவலி.

சர்க்கரை நோயாளிக்குக் குமட்டலோடு வேகமான, ஆழமான மூச்சும் மயக்க நிலையும்.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு வாந்தி நிற்காமல் தொடர்வது. டெங்குவில் இது எச்சரிக்கை அடையாளம்.

கடலூரில் இருப்பவர்கள் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போகலாம், புதுச்சேரி என்றால் ஜிப்மர் இருக்கிறது. ராத்திரி எந்நேரம் ஆனாலும் 108.

3. நீங்கள் குடிக்கலாமா என்று பாருங்கள்

ஒரு 5 கிராம் பொட்டலத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு. அட்டையில் ஸ்வர்ஜிக்ஷாரா, நிம்புகாம்லம் என்று எழுதியிருப்பார்கள். என்னவோ மூலிகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதலாவது சோடியம் பைகார்பனேட், அதாவது நம் வீட்டு ஆப்ப சோடா. இரண்டாவது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. ஏறத்தாழ சரிக்குச் சரி.

இதில் கவனிக்க வேண்டியது சோடியம். ஒரு பொட்டலத்தில், தயாரிப்பைப் பொறுத்து, 600 முதல் 850 மில்லிகிராம் வரை சோடியம் வந்துவிடும். உப்புக் கணக்கில் ஒன்றரை முதல் இரண்டு கிராம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழேதான் உப்பு சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் ஒரு டம்ளரிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஊறுகாயை நிறுத்திவிட்டேன், அப்பளத்தை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிற பிரஷர்காரர்கள் பலர் இதைத் தினமும் கலக்கிக் குடிக்கிறார்கள். உப்பு நாக்குக்குத் தெரியாததால் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே ரத்தக் கொதிப்பு, இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கெட்டு வயிறோ காலோ வீங்குகிறவர்கள், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் யாரும் தானாக எடுக்கக் கூடாது. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்குக் கூடுதல் காரம் வெளியேறாமல் உடம்பில் தேங்கிவிடும் என்பது இன்னொரு காரணம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரையோ செவிலியரையோ கேட்டுவிட்டுத்தான்.

இவர்களில் பலருக்கு மெக்னீசியம், அலுமினியம் கலந்த ஜெல்லோ மென்று தின்னும் மாத்திரையோ தோதாக இருக்கலாம். ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கு அதுவும் கேட்காமல் ஆகாது.

4. மெடிக்கலில் எதைக் கேட்பது

"கேஸுக்கு ஏதாவது குடுங்க" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கைக்கு எட்டுவதை எடுத்துத் தருவார். நீங்களே தெளிவாகக் கேளுங்கள்.

எரிச்சல், புளித்த ஏப்பம், உப்புசம், கூடவே குமட்டல் என்றால் நுரைக்கிற உப்புப் பொடி. வேகமாக வேலை செய்யும், வேகமாகவே தீர்ந்தும் போகும்.

எரிச்சல் அதிகம், ஆனால் வயிறு ஏற்கனவே பானை மாதிரி உப்பியிருக்கிறது என்றால் ஜெலுசில், டைஜீன் வகையிலான ஜெல் அல்லது மாத்திரை. மாத்திரையை விழுங்காமல் மென்று தின்ன வேண்டும். முழுசாக விழுங்கினால் கரைந்து அமிலத்தோடு கலக்கவே நேரம் ஆகிவிடும்.

கோலி சோடா, பன்னீர் சோடா குடித்தால் ஏப்பம் வரும், அவ்வளவுதான். அது கரியமில வாயு அடைத்த தண்ணீர். அமிலத்தைத் தணிக்கிற காரம் அதில் கிடையாது.

நீர்க்கடுப்புக்குக் கொடுக்கிற சிரப் வேறு சங்கதி. அதுவும் "உடம்பைக் காரமாக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு குமட்டலுக்கு வாங்க வருகிறார்கள். அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கத் தருவது. குமட்டலுக்கென்று அதை வாங்காதீர்கள்.

காலையில் வெறும் வயிற்றில் போடுகிற பான்டப்ரசோல் மாத்திரை அமிலம் சுரப்பதையே குறைக்கும். இப்போது, இந்த நிமிடம் இருக்கிற குமட்டலுக்கு அது வந்து சேர நேரமாகும். அதோடு அது டாக்டர் சீட்டில் வர வேண்டிய மருந்து.

வாங்கியதும் பொட்டலத்தை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே மணல் மாதிரி ஓட வேண்டும். கட்டியாக இருந்தால் மாற்றிக் கேளுங்கள். நம்முடையது கடல்காற்று ஊர். சில்வர் பீச் பக்கம் பெட்டிக்கடையில் மாதக்கணக்கில் தொங்குகிற சரத்தில் எங்காவது ஓட்டை இருந்தால் ஈரம் இறங்கிவிடும். ஈரம் பட்டவுடன் சோடாவும் சிட்ரிக்கும் உள்ளேயே மோதித் தீர்ந்துவிடுவதால் பொட்டலம் பலூன் மாதிரி உப்பியும் இருக்கலாம். தேதியையும் பாருங்கள். பெரிய பாட்டிலாக வாங்கி ஈர ஸ்பூனை விடுகிற வீடுகளிலும் இதே கதைதான். மாதம் ஒன்றிரண்டு முறை மட்டும் தேவைப்படுகிற வீட்டுக்குப் பொட்டலமே போதும்.

5. கலக்குகிற வரிசை

தேவையானவை: சுத்தமான சாதாரணத் தண்ணீர், 200 மி.லி. பிடிக்கிற டம்ளர், நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலி. பக்கத்தில் ஒரு பாத்திரமும் இருக்கட்டும். குமட்டுகிறவருக்கு எதைக் குடித்தாலும் வாந்தி வரலாம்.

முதலில் வயிற்றின் நிலையைப் பாருங்கள். இப்போதுதான் கல்யாண விருந்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டு வந்தீர்களா? அரை மணி, ஒரு மணி நேரம் பொறுங்கள், மெல்ல நடங்கள். நிரம்பிப் பிதுங்குகிற வயிற்றுக்குள் வாயுவும் சேர்ந்தால் இரைப்பை அந்த இழுப்பைத் தாங்காது. அளவுக்கு மீறிச் சாப்பிட்ட உடனே ஆப்ப சோடா குடித்து இரைப்பை கிழிந்துபோன நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

அடுத்து டம்ளரில் முக்கால் அளவு, சுமார் 150 மி.லி. தண்ணீர். தண்ணீர் முதலில், பொடி பிறகு. பொடியைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் இருப்பது சட்டென்று பொங்கி, பாதி தரைக்குப் போகும். மீதியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெந்நீரும் வேண்டாம். பொங்கல் இன்னும் ஆவேசமாகிவிடும்.

பொட்டலத்தை முழுசாகக் கொட்டுங்கள். ஸ்பூனைப் போட்டுக் கலக்காதீர்கள், தானே கரையும்.

இப்போது பொறுங்கள். எல்லோரும் தவறுகிற இடம் இதுதான். "நொரை அடங்குறதுக்குள்ள குடிச்சாத்தான் வேலை செய்யும்" என்று என் மாமியார் உட்பட ஊரே நம்புகிறது. டம்ளரில் பொங்குவது சோடாவும் சிட்ரிக் அமிலமும் ஒன்றையொன்று தின்பது. அதிலிருந்து வெளியேறுவது கரியமில வாயு. அடங்கிய பிறகு தண்ணீரில் தங்குவது சோடியம் சிட்ரேட். வயிற்று அமிலத்தைத் தணிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். சிசேரியன் போன்ற அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் வயிற்று அமிலத்தைத் தணிக்க மயக்க மருத்துவர்கள் நுரையே இல்லாத சோடியம் சிட்ரேட் கரைசலைத்தான் கொடுப்பார்கள். நுரை மருந்தில்லை, காற்று.

உப்புசம் மட்டும் இருந்து ஏப்பம் விட்டால் போதும் என்பவர் கொஞ்சம் நுரையோடு குடித்துக்கொள்ளட்டும், அந்த வாயு ஏப்பத்தைக் கிளப்பிவிடும். குமட்டல் இருப்பவருக்கு அதே வாயு இரைப்பையை இழுத்து வாந்தியைத் தூண்டும். அதனால் அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு, பொங்கல் அடங்கி, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுங்கள். அடியில் பொடி எதுவும் தங்கியிருக்கக் கூடாது.

ஒரே மடக்கில் கவிழ்க்க வேண்டாம். வாய்க்கு ஒரு மிடறு, நடுவில் மூச்சு, மறுபடி ஒரு மிடறு. இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்தால் போதும்.

சேர்க்கக் கூடாதவை: எலுமிச்சைச் சாறு (புளிப்பைத் தணிக்கப் போகிற காரத்தை டம்ளரிலேயே காலி செய்கிறீர்கள்), மோர் (அதுவும் புளிப்பே), குளிர்பானம், மது. பாலும் வேண்டாம். காரப் பொடியையும் நிறையப் பாலையும் நாள்கணக்கில் சேர்த்துக் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும் கோளாறு உண்டு.

6. மற்ற மாத்திரைகளோடு இடைவெளி

இதைக் கவுண்டரில் யாரும் கேட்பதில்லை, கடையிலும் பல பேர் சொல்வதில்லை. வயிற்றின் அமிலம் குறைந்தால் சில மாத்திரைகள் உடம்பில் ஏறுவதும் குறையும். சில மாத்திரைகளை ஜெல்லில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெள்ளம் வடிந்த நாட்களில் எங்கள் பக்கம் எலிக்காய்ச்சல் பயத்துக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுப்பார்கள். அந்த மாத்திரையே வயிற்றைப் பிரட்டும். உடனே மேலே ஒரு டம்ளர் உப்புப் பொடி அல்லது ஒரு மூடி ஜெல். மாத்திரை பாதி வீண். டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டோடு, முழு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருந்தாலே குமட்டல் பெரும்பாலும் அடங்கும்.

சிப்ரோஃப்ளாக்சசின், இரும்புச்சத்து மாத்திரை, பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். லித்தியம் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். சோடியம் கூடினால் லித்தியம் சிறுநீரில் அதிகமாக வெளியேறி அளவு குறைந்துவிடும்.

7. குடித்த பிறகு

நிமிர்ந்து உட்காருங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் ஏப்பம் வரும், எரிச்சல் இறங்கும், அதோடு குமட்டலும் அடங்கும். படுத்தே ஆக வேண்டும் என்றால் தலைப்பக்கம் உயர்த்தி இடது பக்கம் படுங்கள். இரைப்பையின் அமைப்பால் அப்படிப் படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவது குறையும்.

உடனே டீ குடிக்காதீர்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சியோ இட்லியோ கொஞ்சமாக.

கேட்கவில்லை என்றால் உடனே அடுத்த பொட்டலம் உடைக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி, நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். முதல் பொட்டலத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் நீங்கள் முதல் படியில் தப்பு செய்திருக்கலாம். திரும்பிப் போய் அங்கே படியுங்கள்.

புதுச்சேரிக்கு வார இறுதியில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மது குடித்த மறுநாள் குமட்டலில் அமிலத்துக்கும் பங்கு உண்டுதான், ஆனால் தலைவலியும் தள்ளாட்டமும் இதில் போகாது. கூடவே ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரையைப் போடுவதுதான் பெரிய ஆபத்து. புண்ணான இரைப்பையில் ரத்தம் கசியும். தண்ணீர், கஞ்சி, தூக்கம்.

8. வாந்தி ஆரம்பித்துவிட்டால் வழியை மாற்றுங்கள்

ஒரு முறை புளிப்பாக வாந்தி எடுத்து நின்றுவிட்டால் பயமில்லை. நாலைந்து முறை எடுத்தவருக்கு உப்புப் பொடி கொடுப்பதுதான் எனக்குக் கோபம் வருகிற தப்பு. வாந்தியில் வெளியே போவது அமிலம். அமிலம் போகப் போக ரத்தம் ஏற்கனவே காரப் பக்கம் சாய்ந்திருக்கும். அதன் மேல் இன்னும் காரத்தை ஊற்றினால் கை கால் மரத்துப்போதல், தசை இழுப்பு, படபடப்பு என்று போகும். பொட்டாசியமும் இறங்கும்.

அப்போது தேவை ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம், 20 கிராம் சொச்சம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. 4 கிராம் சொச்சம் இருக்கிற சின்னது 200 மி.லி.க்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு கூடிப்போய் இன்னும் குமட்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

குடிக்கிற விதம் முக்கியம். வாந்தி எடுத்த பிறகு பத்து நிமிடம் ஒன்றும் வேண்டாம். அப்புறம் ஒரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். ஆமாம், ஸ்பூன்தான். தாகத்தில் ஒரு டம்ளரைக் கவிழ்த்தால் இரைப்பை அதைத் திருப்பி அனுப்பிவிடும். என் மகனுக்கு ஆறாவது படிக்கும்போது வந்த வாந்தியில் நான் செல்போனில் நிமிடம் பார்த்துப் பார்த்து ஊட்டினேன். இரண்டு மணி நேரத்தில் கால் லிட்டருக்குமேல் தங்கியது.

ஓ.ஆர்.எஸ்.ஸிலும் கொஞ்சம் சிட்ரேட் இருக்கிறது. பேதியில் உடம்பு இழக்கிற காரத்தை ஈடுகட்டுவதற்காக அளந்து சேர்த்தது. கூடவே பொட்டாசியமும் குளுக்கோஸும் இருப்பதால் அது சமன்படுகிறது. அதனால் ஓ.ஆர்.எஸ். தண்ணீரில் உப்புப் பொடியையும் சேர்த்துக் கலக்கி "டபுள் பவர்" ஆக்காதீர்கள்.

எதுவும் தங்காமல் ஒரு நாள் கடந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ வீட்டு வைத்தியம் முடிந்தது. டிரிப்ஸ் தேவைப்படும். குழந்தைக்கும் முதியவருக்கும் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

9. வீட்டில் ஆப்ப சோடாதான் இருக்கிறது என்றால்

ராத்திரி ஒரு மணிக்குக் கடை எதுவும் இல்லை, எரிச்சலோடு குமட்டுகிறது, மூன்றாவது படியில் சொன்ன நோய் எதுவும் இல்லை. அப்போது ஒரே ஒரு தரம் ஆப்ப சோடா பரவாயில்லை. தலைதட்டி அரை டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீர். முழுக்கக் கரைந்த பிறகுதான் குடிக்க வேண்டும்.

பொட்டலப் பொடிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே சிட்ரிக் இல்லாததால் வாயு டம்ளரில் வெளியேறாது. வயிற்றுக்குள் போய், அங்கே இருக்கிற அமிலத்தைச் சந்தித்த பிறகுதான் மொத்தமும் கிளம்பும். அதனால்தான் நிறைந்த வயிற்றில் இது இன்னும் ஆபத்து. கூம்பு மாதிரி குவித்து எடுத்த ஒரு ஸ்பூன் என்றால் சோடியமும் இரண்டு மூன்று மடங்கு.

சமையலறையில் டப்பாவைச் சரியாகப் பார்த்து எடுங்கள். பேக்கிங் பவுடர் வேறு. சலவை சோடா வேறு, அது வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும். அடைப்பு எடுக்கிற காஸ்டிக் சோடாவோ உயிரை எடுக்கும். ஆப்ப சோடா, சலவை சோடா, காஸ்டிக் சோடா மூன்றும் வெள்ளைதான், மூன்றையும் பேச்சில் சோடா என்றுதான் சொல்கிறோம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பேர் எழுதாமல் போட்டு வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

10. திரும்பத் திரும்பத் தேவைப்பட்டால்

வாரத்துக்கு இரண்டு தரத்துக்கு மேல் தேவைப்படுகிறதா, இரண்டு வாரமாகத் தொடர்கிறதா? அப்போது பொடியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இரைப்பைப் புண், அதை உண்டாக்குகிற எச்.பைலோரி கிருமி, பித்தப்பைக் கல், மஞ்சள் காமாலை, கவனிக்காமல் விட்ட சிறுநீரகக் கோளாறு எல்லாம் முதலில் வெறும் குமட்டலாகத் தலைகாட்டலாம். பொடி அவற்றைக் குணமாக்காது, கொஞ்ச நாள் மறைத்து வைக்கும். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த அஜீரணம் என்றால் இரண்டு வாரம்கூட வேண்டாம்.

போகும்போது வாயால் "எப்பயாவது குடிப்பேன் டாக்டர்" என்று சொல்லாதீர்கள், எண்ணிக்கை சொல்லுங்கள். முதுநகர்ப் பக்கம் இருந்து எங்களிடம் வருகிற ஒரு ஆயாவிடம், குடித்த பொட்டலத்தின் காலி உறையைத் தூக்கிப் போடாமல் ஒரு மாதம் சேர்த்து வைக்கச் சொன்னேன். மாத முடிவில் மஞ்சப்பையோடு வந்து கவுண்டரில் கொட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். நாற்பத்தொன்று. "இம்புட்டா குடிச்சேன்?" என்று அவரே ஒரு தரம் திரும்ப எண்ணினார். பிறகு எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிக்கொண்டு, பிரஷர் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, டாக்டர் இருக்கிற தெருப் பக்கம் நடந்தார்.